சூடு கண்ட பூனையும் கூத்துக் கொட்டிலும்

(உலக மனநல நாளை ஒட்டி எங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப்போன ஓரிரு வசனங்களைச் சேர்த்திருக்கிறேன்.)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மங்கல விளக்கேற்றி வைத்த பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, இரவுக் கடமை முடித்துக் குளித்த கையோடு வந்திருக்கும் டொக்டர் ஐயா அவர்களே, அம்மன் கோயில் குருக்கள் ஐயா, பங்குத்தந்தை, மௌலவி, கிராம அலுவலர், மாதர் சங்கத் தலைவி அவர்களே! அக்கா, நீங்கள் எழும்ப வேண்டாம், உங்கள் முழங்கால் நோவு எனக்குத் தெரியும். சங்கக்கடை முகாமையாளர் தம்பியை விட்டுவிட்டால் நாளைக்கு எனக்குச் சீனி கிடைக்காது, அவருக்கும் வணக்கம். முன்வரிசைக் கதிரைகளில் இருக்கும் பெரியவர்களுக்கும், வாசலில் சைக்கிளில் சாய்ந்தபடி நிற்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு 'மனக்காயம் ஆற மாற்று வழிகள்'. மூன்று விடயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். ஒன்று மூச்சு. இரண்டு, நடந்ததைச் சொல்லுதல். மூன்று, பலர் கூடி ஒன்றைச் செய்தல். மாற்று என்றதும் டொக்டர் ஐயா என்னைப் பார்க்கிறார். ஐயா, குளிசையை நிறுத்துங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் போகவேண்டும், கிளினிக் நாளைத் தவறவிடக்கூடாது. ஆனால் மாதத்தில் ஒரு நாள்தான் கிளினிக். மிச்சம் இருபத்தொன்பது நாளும் அந்த மனிதர் ஊரில்தானே இருக்கிறார்? நான் பேசப்போவது அந்த இருபத்தொன்பது நாளைப் பற்றி.

'சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது' என்று என் அம்மா அடிக்கடி சொல்லுவா. இந்த மனக்காய நோயைப் பற்றி நான் வாசித்த எல்லாவற்றையும் அவ ஒரு வரியில் சொல்லிவிட்டா. திருவிழாவில் வெடி போட்டால் எங்கள் ஊரில் எத்தனை பேர் குனிகிறார்கள் என்று பாருங்கள். 2009 மே மாதம் யுத்தம் முடிந்து எவ்வளவு காலம்! குண்டு போடும் கிபிர் விமானம் இல்லை, ஷெல் இல்லை, பங்கர் வெட்டிய இடத்தில் இப்போது மரவள்ளி நிற்கிறது. உடம்புக்கு மட்டும் அது தெரியவில்லை. 1980இல்தான் அமெரிக்க மருத்துவர்கள் இதை ஒரு நோயாகத் தங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். பூனைக்கு முதலே தெரியும்.

சரி, மூச்சு. எங்கள் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்ட காலமாகச் சொல்லிவருவது, நமக்கு நடந்தது தனி மனிதர்களின் காயம் மட்டுமல்ல, கூட்டுக் காயம். குடும்பம், அயல், ஊர் என்று எல்லாமே அடிபட்டிருக்கிறது என்று. ஆறுதல் தருவதற்கும் சனத்தின் கையில் ஏற்கெனவே இருக்கிறதையே எடுக்கவேண்டும் என்பார்: மூச்சுப் பயிற்சி, சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை. சுனாமி முடிந்த சில வாரங்களில், வடகிழக்கில் ஒரு முகாமில் 31 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு நடந்ததை ஒழுங்காகக் கதையாகச் சொல்லிப் பார்த்தது. மற்றக் குழு தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. ஆளுக்கு ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்ன குழுவில் நூற்றுக்கு 81 பேரும், தியானக் குழுவில் 71 பேரும் தேறியிருந்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் நம்முடைய பிள்ளைகள், நம்முடைய ஆட்கள்.

மாற்று என்று ஒருகாலம் சிரித்தது பிறகு மருந்தாவதும் உண்டு. பிரான்சின் ஷபீரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண் இங்கும் அங்கும் அசைய அசைய மனதை அரித்த நினைவின் கூர் குறைவதைக் கவனித்தார். அதிலிருந்து ஒரு சிகிச்சை முறை வந்தது. 2013இல் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைத்தது. அங்கேயும் பூனையை அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போகத்தான் பார்க்கிறார்கள். வாலைப் பிடித்து இழுத்து அல்ல. பக்கத்தில் ஒரு ஆள் இருந்து, மெல்ல மெல்ல.

இரண்டாவதற்குப் போகுமுன் ஒரு கதை.

எங்கள் ஊரில் ஒரு ஆச்சி. கடைசி மகன் யுத்தத்தின் இறுதி நேரத்தில் பிரிந்தவன்தான், இருக்கிறானா இல்லையா தெரியாது. ஆச்சி இரவில் படலையைச் சாத்தமாட்டா. மகன் வந்தால் தட்டவேண்டியிருக்குமாம். வெளியிலிருந்து ஒரு பிள்ளை படிவத்தோடு வந்தாள். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. "அம்மா, உங்கட கவலைக்குப் பூச்சியத்திலிருந்து பத்து வரைக்கும் ஒரு இலக்கம் சொல்லுங்கோ" என்றாள். ஆச்சி படிவத்தை வாங்கித் தலைகீழாகப் பார்த்துவிட்டு, "பிள்ளை, பத்துக்கு மேல எழுத இடம் விடேல்லையே?" என்றா. (சிரிப்பு.) அந்தப் பிள்ளை படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் செய்த நல்ல வேலை அதுதான்.

அந்த வருசம் பக்கத்து வளவில் நாங்கள் கோவலன் கூத்துப் பழகத் தொடங்கினோம். மத்தளம் ஒன்று கடன், தாளம் ஒன்று உடைசல். கண்ணகிக்கு ஆடிய பொடியன் ஆட்டோ ஓடுகிறவன். குரல் இருக்கிறது, பாட்டு மனதில் நிற்காது. மூன்று இரவாகப் புலம்பல் பாட்டின் ஒரே இடத்தில் சறுக்கினான். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஏட்டைத் தூக்கி எறியப்போகிற நேரம், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஆச்சி! அவவின் தகப்பன் அந்தக் காலத்துக் கண்ணகியாம். சின்னப் பிள்ளையாகக் கூத்தாடும் களரி ஓரத்தில் படுத்துக் கேட்டது, முழுவதும் நெஞ்சில் கிடந்திருக்கிறது. அடுத்த நாள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தா. அதற்கடுத்த நாள் கதிரை கேட்டா. ஒரு கிழமைக்குள் அண்ணாவியாருக்கு மேலே அண்ணாவியார்! "உன்ர புருசனையெல்லோ வெட்டிப்போட்டாங்கள், ஆட்டோக் காசு தராதவன்ர கதைபோலப் படிக்கிறாய்?" என்று அந்தப் பொடியனை ஏசினா. பிளேன்டீ பிந்தினால் எங்களுக்கும் ஏச்சு.

கூத்தன்று விடியப்புறம் அந்தப் புலம்பல் வந்தது. பொடியன் பாட, ஓரத்தில் இருந்த ஆச்சி சேர்ந்து பாட, பிறகு பொடியன் நிறுத்திவிட்டான். ஆச்சி மட்டும் பாடினா. கண்ணகிக்காகத்தான் பாடினா. யாருக்காக அழுதா என்று களரியில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை. அவரவருக்கு அழ ஆள் இருந்தது.

ஆச்சி சுகமாகிவிட்டாவா என்று கேட்கிறீர்கள். படலை இன்றைக்கும் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் மாசி பிறந்தால் "எப்ப பழகத் தொடங்கிறியள்?" என்று ஆள் அனுப்புகிறா.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மதுரையை எரித்துவிட்டு, புருசனை இழந்த ஒருத்தி கிழவியாக நந்திக்கடல் கரைக்கு வருகிறாள். மாடு மேய்த்த பொடியன்கள் என்ன செய்தார்கள்? 'உனக்கு என்ன நடந்தது' என்று விசாரணை வைத்தார்களா? குழை வெட்டிக் கொட்டில் போட்டார்கள். பொங்கிக் கொடுத்தார்கள். எண்ணெய் இல்லாமல் கடல்நீரில் விளக்கு எரித்தார்கள். தலையைப் பார் என்றாள், பார்த்தார்கள். தலை முழுக்கக் கண்! குருக்கள் ஐயா, பிழை இருந்தால் மன்னிக்கவேண்டும், எனக்கு இது மனக்காயம் ஆற்றிய கதையாகத்தான் படுகிறது. வைகாசியில் நாம் பொங்குவது அந்தக் கொட்டிலின் நினைவில். மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் நினைவாகச் சிரட்டையில் கஞ்சி வாங்கிக் குடிக்கிறோமே, அதுவும் அதே வகைதான். சூடு கண்ட பூனை தானாக அடுப்பங்கரைக்கு வருவது, அங்கே நாலு பேர் கூடியிருக்கும்போதுதான்.

அந்த நாலு பேர் கூட நம்மிடம் இடம் இருக்கிறதா? இதற்குத்தான் வந்தேன், ஒளிக்கவில்லை. மதவடியில் பழைய வாசிகசாலைக் காணி கால் ஏக்கர் பற்றை பிடித்துக் கிடக்கிறது. அதில் சுவர் இல்லாத ஒரு கொட்டில், மண்ணில் ஒரு வட்டக்களரி, ஒரு கிணறு, ஒரு மின்குமிழ். வேறொன்றும் கேட்கவில்லை. நாலு தரம் எழுதிக் கொடுத்துவிட்டோம். எங்கள் விண்ணப்பக் கோவை ஒரு அலுவலகத்தில் மேசை மேசையாக நடக்கிறது. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். மேடையில் இருக்கும் எவருடையதும் அல்ல. 'கூத்து மனநலத்துக்குள் அடங்காது' என்று ஒருமுறை பதில் வந்தது. அப்படியானால் எதற்குள் அடங்கும்? விளையாட்டுக்குள்ளா, நீர்ப்பாசனத்துக்குள்ளா? வெளியார் பணத்தில் கட்டி, பூட்டுப் போட்டு, திறப்பு யாரிடம் என்று தெரியாமல் கிடக்கும் ஆலோசனை அறைகளை நான் கண்டிருக்கிறேன். கொட்டிலுக்குப் பூட்டுப் போட முடியாது, அதுதான் அதன் சிறப்பு.

தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். மூன்றாவதைக் கூத்துக் கதையோடு சொல்லிவிட்டேன், இரண்டாவது விடயம் அப்படியே கிடக்கிறது. டொக்டர் ஐயா அதை என்னைவிட நன்றாகப் பேசுவார், அவருக்கே விடுகிறேன். கொட்டிலுக்கான கையெழுத்துப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மைப்பெட்டியும் உண்டு. ஆச்சி முதலாவதாக வைத்துவிட்டா. பேனை ஒன்றுதான், யாரும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். வணக்கம்.