மணிக்கூலிக்குள் எத்தனை அறை?

அன்பர்களே, அறைகளைச் சுத்தம்செய்யும் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு ஆள் நிற்பதில்லை என்று ஹோட்டல் நிர்வாகிகள் சொல்லும்போது பேச்சு உடனே மணிக்கூலிக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. கூலி பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு மணிக்குள் எவ்வளவு வேலை, வாரத்தில் எத்தனை மணி வேலை என்று கேட்காதவரை, ஆள் ஏன் போகிறார் என்பது விளங்காது.

எட்டு மணி ஷிப்டில் 15 அறை என்று வையுங்கள். தள்ளுவண்டியில் துணி அடுக்கும் நேரமும் இடைவேளையும் போனால் அறைக்கு அரை மணிகூட மிஞ்சாது. விருந்தினர் தங்கியிருக்கும் அறை அதற்குள் முடியும். விருந்தினர் காலிசெய்து போன அறை முடியாது. விரிப்பு முழுவதையும் உருவி, கனத்த மெத்தையின் நான்கு மூலையையும் தூக்கிச் செருகி, குளியல்தொட்டியைக் குனிந்து தேய்த்து, அலமாரி இழுப்பறை வரை பார்க்க வேண்டும். அன்றைய வேலைப் பட்டியலிலோ இரண்டும் 'ஒரு அறை'தான். காலிசெய்த அறைகள் கூடும் நாளில் முதலில் பறிபோவது சாப்பாட்டு இடைவேளை. பிறகு தோளும் இடுப்பும். தங்கியிருக்கும் விருந்தினரின் அறைக்குத் 'தினமும் சுத்தம் வேண்டாம்' என்ற திட்டம் இன்னும் கொடுமை. மூன்று நாள் அழுக்கு ஒரே நாளில் சேர்கிறது. மற்ற நாட்களில் அறை குறைவதால் ஆளுக்கு வேலையே இல்லாமல் போகிறது.

அதனால்தான் லாஸ் வேகஸில் ஹோட்டல் தொழிலாளர்கள் சுமார் 60,000 பேர் கொண்ட குலினரி தொழிற்சங்கம், 2023 நவம்பரில் வேலைநிறுத்தக் கெடு முடியும் தறுவாயில் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் கூலி உயர்வோடு தினசரி சுத்தத்தையும் அறை எண்ணிக்கைக் குறைப்பையும் வாங்கியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் 2022 சட்டம் அறையை எண்ணாமல் தரையை அளக்கிறது: 60 அல்லது அதற்கு மேற்பட்ட அறை உள்ள ஹோட்டலில் எட்டு மணிக்கு 3,500 சதுர அடி; அதைத் தாண்டினால் அன்றைய வேலை முழுவதற்கும் இரட்டைக் கூலி. இதுவே நேர்மையான அளவுகோல் என்பேன்.

அடுத்தது வாரக் கணக்கு. பெரிய நிறுவனங்கள் சராசரியாக வாரம் 30 மணி வேலை செய்பவருக்கு மருத்துவக் காப்பீடு தர முன்வர வேண்டும் என்பது அங்கே கூட்டாட்சிச் சட்டம். காலையில் போன்செய்து 'இன்று வரவேண்டாம்' என்று சொல்லிச் சொல்லி ஒருவரை 26 மணியில் நிறுத்தினால், கூலி இழப்போடு மருந்துச் செலவும் அவர் தலையில் விழும். மணிக்கு ஒரு டாலர் குறைவானாலும் நிலையான நேரம் தரும் மருத்துவமனைத் துப்புரவு வேலைக்கு அவர் போவதில் வியப்பென்ன? சீனியாரிட்டிப்படி விடுப்பு நாளும் முழு வாரமும் உறுதியான இடத்தில் இருபது ஆண்டு நிற்பவர்களும் உண்டு.

மேற்பார்வையாளர்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலையில் பட்டியலைக் கையில் கொடுக்குமுன் காலிசெய்த அறைகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் ஒன்றரை அறையாகக் கணக்கிடுங்கள். கூட்டல் 15ஐத் தாண்டினால், வேலை தொடங்குமுன்பே மிகுதி அறைகளை எடுத்துவிடுங்கள். மதியம் எடுப்பதில் பயனில்லை. இடைவேளை அதற்குள் போயிருக்கும்.