பையன் வாயில் கிழவரின் பாட்டு

(சிங்கப்பூர் வட்டார நூலகம் ஒன்றில் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை, பேசியவரே எழுதித் தந்த வடிவில்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த அரங்கை நமக்கு மாதந்தோறும் மனமுவந்து ஒதுக்கித் தரும் நூலகர் அம்மையார் அவர்களே, எந்தக் கூட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து நாற்காலி எடுத்துப்போடும் வட்டத்தின் செயலாளர் அவர்களே, ஜொகூரிலிருந்து பாலத்து நெரிசலைப் பொறுத்துக்கொண்டு வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, என் பழைய மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அவர்கள் என்னை அறிமுகம் செய்தபோது சொன்ன புகழ்மொழிகளை அவர்தம் அன்பின் அளவாகவே ஏற்றுக்கொள்கிறேன். நான் பயிற்சி ஆசிரியனாக நடுங்கிக்கொண்டு நின்ற நாளில் என் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து, பாடம் முடிந்ததும் தோளில் தட்டிக்கொடுத்தவர் அவர். அந்த நன்றியை மேடையில் சொல்லும் வாய்ப்பு இன்றுதான் கிடைத்தது.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது என் தாயார் நாள்தோறும் சொன்ன பழமொழி. நாவலைத் தழுவி எடுக்கப்படும் எந்த நாடகத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். இன்று நான் நான்கு செய்திகளைப் பேச எண்ணி வந்திருக்கிறேன். ‘சிங் யூ நியன்’ என்னும் சீன நாடகத் தொடர் நாவலிலிருந்து திரைக்கு வந்த விதம் ஒன்று. அதைப் பற்றிப் பார்வையாளர்கள் சொன்ன கருத்துகள் இரண்டு. அதன் உடையலங்காரமும் இசையும் மூன்று. அதை முன்வைத்து நாம் செய்ய வேண்டியது நான்கு.

மாவ் நி என்னும் புனைபெயர் கொண்ட எழுத்தாளர் 2007இல் இணையத்தில் தொடராக எழுதத் தொடங்கிய நாவல் இது. தசைகள் வலுவிழக்கும் நோயால் மருத்துவமனையில் இறக்கும் இக்கால இளைஞன் ஒருவன், பழங்காலத்தைப் போன்ற வேறோர் உலகில், சிங் என்னும் நாட்டில், ஒரு பிரபுவின் வெளிப்பிள்ளையாகப் பிறந்து, கடலோர ஊரில் பாட்டியிடம் வளர்ந்து, தலைநகருக்கு வந்து அரசியலில் சிக்கிக்கொள்கிறான். அவன் பெயர் ஃபான் சியென். ‘சிங்’ என்பது நாட்டின் பெயராகவும் மகிழ்ந்து கொண்டாடுவது என்னும் பொருளுடைய சொல்லாகவும் இருப்பதால், மிச்சமாகக் கிடைத்த ஆண்டுகளைக் கொண்டாடுதல் என்றும் அந்தத் தலைப்புக்குப் பொருள் விரியும். வாங் ஜுவான் திரைக்கதை எழுத, சுன் ஹாவ் இயக்கத்தில் 2019 நவம்பர் 26 அன்று 46 பகுதிகளுடன் முதற்பாகம் வெளிவந்தது. ஐந்தாண்டு காத்திருப்புக்குப் பின் 2024 மே மாதத்தில் 36 பகுதிகளுடன் இரண்டாம் பாகம் வந்தது.

நாவலை முன்பே படித்திருந்தவர்களின் முதற்குறை, தொடரில் சிரிப்பு மிகுந்துவிட்டது என்பதாகும். நாவலின் ஃபான் சியென் ஆழமானவன், சில இடங்களில் ஈரமற்றவன். தொடரில் சாங் ருவோயுன் நடித்திருக்கும் ஃபான் சியெனோ சலித்துக்கொண்டும் கேலி பேசிக்கொண்டும் திரிகிறான் என்று அவர்கள் வருந்தினார்கள். பணத்தைக் கண்டால் கண் மலரும் வாங் சினியனும், கணக்குப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் தம்பி ஃபான் சிசெயும் அளவுக்கு மீறி இடம்பிடித்துவிட்டார்கள் என்பது அவர்களுடைய இன்னொரு குறை. சீனாவில் காலம் கடந்து செல்லும் கதைகளின் மீது ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்புக்கு 2011இலிருந்தே கசப்பு உண்டு. அதைச் சமாளிக்கவே இந்தத் தொடரில் கதை முழுவதையும் ஒரு பல்கலைக்கழக மாணவன் தன் பேராசிரியருக்கு எழுதிக் காட்டும் நாவலாகச் சட்டமிட்டு அமைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் ஒட்டாமல் நிற்கிறது என்றவர்களும் உண்டு, அது சாமர்த்தியம் என்று பாராட்டியவர்களும் உண்டு. நான் பாராட்டியவர்களின் பக்கம்.

சிரிப்பைப் பற்றிய குறையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தம்பியாக நடித்த குவோ சிலின், சியாங்ஷெங் என்று சீனர்கள் போற்றும் நகைச்சுவை உரையாடல் கலையில் ஊறிய குடும்பத்துப் பிள்ளை. எதிராளி சொல்லி முடித்த பிறகு எத்தனை நொடி பொறுத்து வாய் திறக்க வேண்டும் என்பது அவருக்கு இளமையிலிருந்தே வந்த கல்வி. சட்டியில் இருந்தது அகப்பையில் வந்தது. அதோடு இந்தத் தொடரில் சிரிப்பு எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தெங் சிசிங் என்னும் காவலன் முதலில் ஃபான் சியெனைக் கொல்ல வந்து ஏமாறுகிறான். பிறகு அவனுக்குத் துணையாகிறான். இருவரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே பல பகுதிகளில் நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள். நியூலான் தெருத் தாக்குதலில் அவன் இறந்துபோகும்போது, அதுவரை சிரித்ததெல்லாம் நம் தொண்டையில் அடைத்துக்கொள்கிறது. போனது ஒரு காவலன்தானே என்று பெரிய மனிதர்கள் ஆறுதல் சொல்ல, ஃபான் சியென் அதைத் தாங்கமாட்டாமல் கொதிக்கும் இடம்தான் என் பார்வையில் முதற்பாகத்தின் உயிர்நிலை. நாவலில் தெங் சிசிங் அந்தத் தாக்குதலில் பிழைத்துக்கொள்கிறான். அந்தச் சாவைச் சேர்த்தவர் திரைக்கதை ஆசிரியர். ஆகவே சட்டி என்று நான் சொல்வது அச்சில் உள்ள நாவலை மட்டுமன்று. அதைப் படித்தவர் உள்ளத்தில் வெந்து நிற்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பார்வையாளரின் பெருங்கோபம் கதையைப் பற்றியதாகவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதற்பாகம் ஓடிக்கொண்டிருந்த 2019 டிசம்பரில், ஏற்கெனவே சந்தா கட்டியிருந்த உறுப்பினர்கள் மேலும் 50 யுவான் கட்டினால் ஆறு பகுதிகள் முந்திப் பார்க்கலாம் என்று தென்சென்ட், ஐசியி ஆகிய இரு இணையக் காணொளித் தளங்களும் அறிவித்தன. மக்கள் கொதித்தார்கள். உறுப்பினராக இருந்த வழக்கறிஞர் ஒருவர் ஐசியி மீது வழக்குத் தொடுக்க, 2020 ஜூனில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம், உறுப்பினரின் உரிமையைக் குறைக்கும் வகையில் ஒப்பந்தத்தை ஒருதலையாக மாற்றியது செல்லாது என்று தீர்ப்பளித்து, 1,500 யுவான் இழப்பீடும் வழங்கச் சொன்னது. 2021 அக்டோபரில் அந்தக் கட்டண முறையையே தளங்கள் கைவிட்டன. ஒரு நகைச்சுவைத் தொடரின் பார்வையாளர்கள் நாடு முழுவதற்குமான ஒரு வழக்கத்தை மாற்றிக்காட்டினார்கள். பார்ப்பவர் குரல் கொடுத்தால் காட்டுபவர் கேட்பார் என்பதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என் நான்காம் செய்திக்கு அது தேவைப்படும்.

இப்போது என் எதிர்வீட்டுச் சீன மூதாட்டியைப் பற்றிச் சொல்ல அனுமதி கேட்கிறேன். எங்கள் மாடியில் எல்லாரும் அவரைப் ‘போபோ’ என்று பாட்டி முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். அவர் என்னை மலாயில் ‘சிக்கு’ என்பார், ஆசிரியர் என்று பொருள். எனக்கு முழங்கால் அறுவை முடிந்து வீட்டில் கிடந்த மாதங்களில், ஒரு கிண்ணத்தில் அரிசிக் கஞ்சியோடு கதவைத் தட்டியவர், தொலைக்காட்சியில் இந்தத் தொடர் ஓடுவதைக் கண்டு நின்றார். உட்காரச் சொன்னோம். அன்று தொடங்கி மாலைதோறும் ஏழரை மணிக்கு வந்துவிடுவார். என் மனைவி அவருக்கு இஞ்சித் தேநீர் வைப்பாள். அவர் வறுத்த பூசணி விதை கொண்டுவருவார். நான் ஆங்கில சப்டைட்டிலைப் படித்துக்கொண்டு பார்ப்பேன். அவர் காதால் கேட்டுக்கொண்டு பார்ப்பார். நான் சிரிக்காத இடங்களில் அவர் சிரிப்பதும், அவர் சிரித்து முடித்தபின் என் முகத்தைப் பார்ப்பதும் வழக்கமாயிற்று.

இளவரசர் ஒருவரின் மாளிகையில் கவியரங்கம் நடக்கும் பகுதி வந்தது. ஃபான் சியென் முந்தைய பிறவியில் கற்ற பாட்டு ஒன்றைத் தன் பாட்டாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். திரையில் நான்கு வரி ஆங்கிலம் ஓடியது: காற்று, குரங்கின் ஓலம், உதிரும் இலை, நரைத்த முடி. எனக்கு அது ஒரு சோகப் பாட்டு, அவ்வளவே. போபோவோ பூசணி விதைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, நடிகருக்கு முன்னால் தாமே அடுத்த அடியைச் சொன்னார். அடுத்ததையும் சொன்னார். சீனப் பள்ளியில் பன்னிரண்டு வயதில் மனப்பாடம் செய்தது எழுபத்தொன்பது வயதில் ஒரு சொல் பிசகாமல் வந்தது. சொல்லி முடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தம் வெள்ளை முடியைத் தொட்டுக் காட்டினார், பிறகு திரையில் அந்தப் பையனின் கருகரு முடியைக் காட்டினார், “சிக்கு, இது கிழவர் பாட்டு! இந்தப் பையன் எங்கே நோயாளியாகக் குன்றேறினான், எங்கே குடியை விட்டான்?” என்று மலாயும் ஆங்கிலமுமாகக் கேட்டார்.

அது து ஃபு என்னும் பெருங்கவிஞர் 767இல், தம் ஐம்பத்தைந்தாம் வயதில், சொந்த ஊர் திரும்ப வழியின்றி யாங்சி ஆற்றங்கரை ஊரான குய்சௌவில் நோயோடு கிடந்தபோது பாடிய பாட்டு என்பதைப் பிறகு நூலகத்தில் தேடி அறிந்தேன். பட்டினத்தாரின் துறவுப் பாட்டை மீசை அரும்பும் கல்லூரி மாணவன் ஒருவன் தன் சொந்த அனுபவம் என்று மேடையில் பாடினால் நாம் எப்படிச் சிரிப்போம்! அந்தச் சிரிப்புதான் அது. அதன் பயன் பின்னால் வருகிறது. அரண்மனை விருந்தில் சுவாங் மோஹான் என்னும் முதுபெரும் அறிஞர், இவ்வளவு இளையவன் இப்படி ஒரு பாட்டைப் பாடியிருக்க முடியாது என்று குற்றம்சாட்ட, குடிவெறியில் ஃபான் சியென் தாங் காலத்துப் பாட்டும் சொங் காலத்துப் பாட்டுமாக நூறு பாடல்களைக் கொட்டித் தீர்க்கிறான். அந்த இரவு போபோ சிரிக்கவில்லை. எழுந்து நின்று, முடிந்த இடங்களில் கூடவே சொன்னார். நடுவில் ஒரு முறை குரல் உடைந்தது; தம் கணவர் புத்தாண்டு விருந்துகளில் சொல்லும் பாட்டு அது என்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ஆங்கில வரிகள் வேகமாக ஓடி மறைந்தன. நான் அவற்றைப் படிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

நேரம் குறைவு என்று தலைவர் அவர்கள் கனிவோடு சீட்டு அனுப்பியிருக்கிறார். ஆகவே உடையலங்காரத்தையும் இசையையும் விட்டு நேரே நான்காம் செய்திக்கு வருகிறேன்.

சீன நாடகங்களுக்குத் தமிழில் வசனவரி வேண்டும் என்று கேட்பதோடு என் கோரிக்கை நிற்கவில்லை. அந்த வரிகள் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படாமல், சீனத்திலிருந்து நேரே தமிழுக்கு வரவேண்டும் என்பதே என் கோரிக்கை. கண்களைக் கருந்துணியால் கட்டிக்கொண்டு ஃபான் சியெனைக் குழந்தைப்பருவம் முதல் காத்துவரும் ஊ சூ என்பவரை அவன் ‘ஊ சூ ஷூ’ என்று அழைக்கிறான். ‘ஷூ’ என்றால் தந்தைக்கு இளையவர், நம் சித்தப்பா. ஆங்கிலத்தில் அது ‘அங்கிள்’ ஆகிவிடுகிறது. அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழாக்குபவர் மாமா என்று எழுதுவார். பெரியப்பாவுக்கு ஒரு சொல், சித்தப்பாவுக்கு ஒரு சொல், அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று சீனரும் நம்மைப் போலவே பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு மொழிகளிலும் நிறைந்திருக்கும் ஒன்றை, அது இல்லாத மூன்றாவது மொழியின் வழியாக ஏன் கொண்டுவர வேண்டும்? சென் தாவ்மிங் நடித்திருக்கும் பேரரசர் தம்மைச் சுட்டுவதற்கு, வேறெவரும் பயன்படுத்தக் கூடாத ‘சென்’ என்னும் சொல்லை ஆள்கிறார். ஆங்கிலத்தில் அது வெறும் ‘ஐ’. நம்மிடம் ‘யாம்’ இருக்கிறது. இரண்டாம் பாகத்தில், முதலில் நம்மைச் சிரிக்க வைத்த அரசு அதிகாரிகளின் தவறுகளைக் கண்காணிக்கும் கண்டிப்பான அதிகாரி லாய் மிங்செங், பேரரசரின் ஆணையால் தடியடிபட்டு உயிர்விடுகிறார். ஆணையிடுபவர் ‘நான்’ என்பதற்கும் ‘யாம்’ என்பதற்கும் உள்ள தொலைவு அந்தக் காட்சியில் எவ்வளவு பெரிது! இரண்டாம் பாகம் மெதுவாக நகர்கிறது, நடிகர்கள் சிலர் மாறிவிட்டார்கள் என்று பார்வையாளர் சொன்னது உண்மைதான். எனினும் அந்த ஒரு காட்சிக்காக அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆங்கிலச் சட்டியில் சித்தப்பா இல்லை, யாம் இல்லை. சட்டியில் இல்லாதது அகப்பையில் எப்படி வரும்? இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: சீனத்தின் மிகப் பழைய பாட்டுத் தொகுதியான ஷி சிங்கிலிருந்து பாடல்களை ஆங்கிலத்தின் தயவின்றி நேரே தமிழாக்கித் தந்திருக்கிறார் ‘பயணி’ என்னும் புனைபெயரில் எழுதும் எழுத்தாளர். தனி ஒருவரால் மூவாயிரம் ஆண்டுக்கு அணுக்கமான பாட்டைக் கொண்டுவர முடிந்ததென்றால், சீனமும் தமிழும் ஆட்சிமொழிகளாக ஒரே பலகையில் எழுதப்பட்டிருக்கும் இந்தத் தீவில் நாடக வசனத்தைக் கொண்டுவர நம்மால் முடியாதா? நம் வீட்டுப் பிள்ளைகளில் சீனம் கற்றவர்கள் இருக்கிறார்கள். எதிர்வீடுகளில் போபோக்கள் இருக்கிறார்கள்.

நூலகர் அம்மையாரின் அனுமதியோடு வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். சீனம் படித்த பிள்ளையின் பெயரையோ, தமிழ் நன்கு எழுதுபவரின் பெயரையோ அதில் எழுதிச் செல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு என் வீட்டில் முதல் அமர்வு. அந்த விருந்துக் காட்சியை எடுத்துக்கொண்டு வரிவரியாகத் தமிழாக்கிப் பார்ப்போம். முடித்த வரிகளைத் தளத்தாருக்கு அனுப்பி, உரிமையோடு வெளியிடச் சொல்லிக் கேட்போம். போபோ வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நூறு பாடல்களையும் எழுதிய நோட்டு ஒன்று அவரிடம் இருக்கிறது. அதையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.