'விட' செய்யும் வேலை

வணக்கம். பயப்படாதீர்கள், இலக்கண வகுப்பு எடுக்க வரவில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆங்கிலச் சொல்கூட இல்லை, நம்முடைய 'விட'.

'அண்ணனை விடத் தம்பி உயரம்' என்கிறோம். இதில் 'உயரம்' துளியும் மாறவில்லை. ஒப்பிடும் சுமை முழுவதையும் 'விட' ஒன்றே தூக்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் 'தேன்' (than), இன்னொரு பக்கம் 'டாலர்' என்பதில் ஒட்டியிருக்கும் 'அர்'. (பணம் இல்லை, 'டால்' வளர்ந்து 'டாலர்'.) நாமோ 'விட'வுக்குப் பதில் 'தேன்' போட்டதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். 'ஹீ ஈஸ் டால் தேன் மீ' பிறப்பது அப்படித்தான்.

இதைத் திருத்தப் போய்ச் சிலர் 'மோர் டாலர்' என்பார்கள். வால் ஏற்கெனவே இருக்கிறது, தலையில் ஒரு கொம்பு எதற்கு? ஷேக்ஸ்பியரே 'மோஸ்ட் அன்கைண்டெஸ்ட்' என்று எழுதியவர்தான், அந்தக் காலத்தில் அது செல்லும். இன்றைக்குத் தேர்வில் நாம் எழுதினால் சிவப்புச் சுழிதான். பெரும்பாலும் சின்னச் சொல்லுக்கு 'அர்', நீண்ட சொல்லுக்கு 'மோர்'. 'பெட்டர்', 'வர்ஸ்' போன்ற அடங்காதவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

சரி, எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 'என் சம்பளம் உன்னை விட அதிகம்' என்றால் தமிழில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 'உன் சம்பளத்தை விட' என்று கேட்பவரே நிரப்பிக்கொள்வார். அதையே 'மை சேலரி ஈஸ் ஹையர் தேன் யூ' என்று சொன்னால், சம்பளத்தையும் ஆளையும் பக்கத்தில் நிறுத்தி அளந்த கதையாகிவிடும். 'தேன் யுவர்ஸ்' வேண்டும். சீனாவின் மக்கள்தொகையை ஜப்பானோடு ஒப்பிடும்போதும் 'தேன் ஜப்பான்' போதாது, 'தேன் தட் ஆஃப் ஜப்பான்' என்று எழுத வேண்டும். நன்றாக எழுதுகிறவர்களே சறுக்கும் இடம் இது. மக்கள்தொகையை ஒரு நாட்டோடு அல்ல, இன்னொரு மக்கள்தொகையோடுதானே ஒப்பிட முடியும்?

தமிழ் நமக்குக் கைகொடுக்கும் இடமும் உண்டு. 'அவர் எனக்கு சீனியர்' என்கிறோம் இல்லையா? அந்தக் காதை நம்புங்கள். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலேயே ஒப்பீட்டை வயிற்றில் கட்டிக்கொண்டு வந்தவை. அவற்றுக்குப் பின்னால் 'தேன்' வராது, 'டு'தான் வரும். 'எனக்கு' என்பதில் இருக்கும் அதே 'கு'. ஹீ ஈஸ் சீனியர் டு மீ.