கூட்டுத்தொகை மட்டும் போதுமா? இங்கிலாந்தில் குழந்தைகள் இதய அறுவைச் சிகிச்சை மையங்களை மூடுவதற்கு நடந்த கருத்துக்கேட்பு

[திரையில்: இங்கிலாந்து வரைபடம், அதில் 11 புள்ளிகள்]

பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் மையங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாமா என்று இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ் 2008ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கியது. அப்போது அந்நாட்டில் அத்தகைய மையங்கள் 11 இருந்தன. அவற்றில் 31 அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,600 சிகிச்சைகளைச் செய்துவந்தனர். ஒரு மையத்துக்குச் சராசரியாக மூன்று பேர்கூட இல்லை.

இதை வெறும் சிக்கன நடவடிக்கை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் நடந்த குழந்தைகள் இதய அறுவைச் சிகிச்சைகளை விசாரித்த இயன் கென்னடி குழு, 2001இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1991 முதல் 1995 வரை அங்கே எதிர்பார்க்கத்தக்க அளவைவிட 30 முதல் 35 வரை கூடுதலான கைக்குழந்தைகள் இறந்தன என்று அது கண்டது. சிறிய குழுவில் ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் இரவு பகலாக அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். அரிதான குறைபாடுகளை ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே தொடும் கைக்கு அந்த வேலை பழகுவதும் கடினம். ஆகவே ஒவ்வொரு மையத்திலும் குறைந்தது நான்கு நிபுணர்கள் இருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 400 சிகிச்சைகள் நடக்க வேண்டும், 500 நடந்தால் இன்னும் நல்லது என்பது திட்டத்தின் அடிப்படையாயிற்று. மருத்துவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கொள்கையில் மறுப்பு இருக்கவில்லை. எந்த ஊரில் உள்ளதை மூடுவது என்ற கேள்வி வந்தபோதுதான் தகராறு தொடங்கியது.

[திரையில்: 2011 மார்ச் 1 – ஜூலை 1]

நான்கு மாதங்கள் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடந்தது. எந்தெந்த மையங்கள் நீடிக்கலாம் என்பதற்கு நான்கு மாற்றுத் திட்டங்கள் மக்கள்முன் வைக்கப்பட்டன. 75,000க்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினர். லீட்ஸ் பொது மருத்துவமனையின் பிரிவைக் காக்கக் கோரிய மனுவில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் பேர் கையெழுத்திட்டனர். இவ்வளவு கையெழுத்துகள் சேர்ந்த பின்னும் ஒரு பிரிவை மூட முடியுமா என்று கேட்கத் தோன்றும். சட்டப்படி முடியும், ஏனெனில் கருத்துக்கேட்பு என்பது வாக்கெடுப்பு அன்று.

அப்படியானால் அதில் மக்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? லண்டனின் பிரென்ட் பகுதியில் பள்ளிகளை மூடுவது தொடர்பாக 1985இல் நடந்த கன்னிங் வழக்கு, நீதிமன்றங்கள் இன்றும் கையாளும் நான்கு விதிகளைத் தந்தது. முடிவு உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே மக்களைக் கேட்க வேண்டும். அறிவோடு சிந்தித்துப் பதில் சொல்லப் போதிய காரணங்களையும் தகவல்களையும் அவர்களுக்குத் தர வேண்டும். போதிய காலம் தர வேண்டும். வந்த பதில்களை மனச்சாட்சியோடு கருத்தில் கொண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். நம் கதை இவற்றில் இரண்டாவது விதியைப் பற்றியது.

[திரையில்: 2012 ஜூலை 4]

முடிவெடுக்க அமைக்கப்பட்ட கூட்டுக்குழு, ஏழு மையங்கள் தொடரும் என்று அறிவித்தது. லீட்ஸ், லெஸ்டர் நகரின் கிளென்ஃபீல்ட், லண்டனின் ராயல் பிராம்ப்டன் ஆகிய மூன்றிலும் அறுவைச் சிகிச்சை நிறுத்தப்பட வேண்டியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் நான்கு குழந்தைகளின் இறப்பைத் தொடர்ந்து 2010இலேயே அது நின்றுபோயிருந்தது. வெளிநோயாளர் கவனிப்பு அந்த மருத்துவமனைகளில் தொடரும் என்பதால் இதை மூடல் என்று சொல்லக் கூடாது என்று அதிகாரிகள் கருதினர். ஆனால் இதய அறுவைச் சிகிச்சை போய்விட்டால் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் நாளடைவில் நிலைக்காது என்று மருத்துவமனைகள் வாதிட்டன. அந்த வாதத்தில் கனம் இருந்தது.

வடக்கே போட்டி, லீட்ஸுக்கும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நியூகாசிலுக்கும் இடையே இருந்தது. குழந்தைகளுக்கு இதய மாற்று அறுவைச் சிகிச்சை செய்த மிகச் சில இடங்களில் ஒன்று நியூகாசிலின் ஃப்ரீமன் மருத்துவமனை. ஆனால் அந்நகரில் குழந்தைகளுக்கான மற்றச் சிகிச்சைகளில் பெரும்பகுதி வேறொரு மருத்துவமனையில் நடந்தது. லீட்ஸிலோ இதயம், சிறுநீரகம், குடல், நரம்பு ஆகிய எல்லாத் துறைகளின் குழந்தை மருத்துவர்களும் ஒரே வளாகத்தில் இருந்தனர். இதய அறுவைக்குப் பின் நள்ளிரவில் ஒரு குழந்தையின் சிறுநீரகம் செயலிழந்தால், மருத்துவர் மாடி ஏறி வருகிறாரா, ஊரைக் கடந்து வருகிறாரா என்பதே லீட்ஸ் தரப்பின் கேள்வி.

[திரையில்: மதிப்பெண் அட்டவணை, கூட்டுத்தொகை தெரிகிறது, மற்றக் கட்டங்கள் மறைக்கப்பட்டுள்ளன]

மையங்களை நேரில் பார்வையிட்டு மதிப்பெண் தந்ததும் இயன் கென்னடி தலைமையிலான ஒரு குழுதான். நியூகாசிலின் கூட்டு மதிப்பெண் லீட்ஸை விடக் கூடுதலாக இருந்தது. எந்தப் பிரிவில் எவ்வளவு கிடைத்தது என்ற விவரத்தை லீட்ஸ் தரப்பு கருத்துக்கேட்புக் காலத்திலேயே கேட்டது; மறுக்கப்பட்டது. பள்ளித் தேர்வில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் பாடவாரி மதிப்பெண்ணைக் காட்டாமலே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னால் மாணவர் எந்தத் தாளுக்கு விண்ணப்பிப்பார்? ஒரே வளாகத்தில் எல்லாத் துறைகளும் இருப்பதற்கு லீட்ஸுக்கு என்ன மதிப்பெண் கிடைத்தது என்று தெரியாமல், அது குறைவு என்று வாதிட யாராலும் முடியாது. இதைவிட வியப்பானது, முடிவெடுத்த கூட்டுக்குழுவும் அந்தப் பிரிவுவாரி மதிப்பெண்களைக் கேட்டுப் பார்க்கவில்லை.

ராயல் பிராம்ப்டன் முன்பே தொடுத்திருந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2011 நவம்பரில் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012 ஏப்ரலில் அதை மாற்றிவிட்டது. ஆகவே லீட்ஸ் ஆதரவாளர்கள் ‘சேவ் அவர் சர்ஜரி’ என்ற அமைப்பின் பெயரில் வழக்குக்குப் போனபோது வெற்றி உறுதி என்று சொல்வதற்கில்லை. 2013 மார்ச் 7 அன்று நீதிபதி நிக்கோலா டேவிஸ், பிரிவுவாரி மதிப்பெண்களை மறைத்ததால் கருத்துக்கேட்பு நியாயமற்றதாகிவிட்டது என்று தீர்ப்பளித்தார். அம்மாத இறுதியில் முடிவு ரத்தானது. லீட்ஸ் சிறந்ததா, நியூகாசில் சிறந்ததா என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அது நீதிமன்றத்தின் வேலையும் அன்று.

முடிவு ரத்தான மறுநாளே, இறப்பு விகிதத் தரவுகள் குறித்த ஐயத்தால் லீட்ஸில் அறுவைச் சிகிச்சை நிறுத்திவைக்கப்பட்டது. அந்தத் தரவுகள் முழுமையற்றவை என்று தெரிந்தபின் ஏப்ரலில் அது மீண்டும் தொடங்கியது. பெற்றோர் இதைத் தற்செயல் என்று நம்பவில்லை. நடைமுறையின் மேல் நம்பிக்கை போனபின், உண்மையான பாதுகாப்பு எச்சரிக்கையும் சூழ்ச்சியாகத்தான் காதில் விழும்.

சுயேச்சையான மறுஆய்வுக் குழுவும் திட்டத்தின் அடிப்படைக் கணக்குகளில் குறை கண்டது. 2013 ஜூன் 12 அன்று சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட் திட்டத்தை நிறுத்திவைத்தார்.

[திரையில்: 2015 – 2017]

இரண்டாம் முயற்சியில் வரிசை மாறியது. மையங்கள் எட்ட வேண்டிய தர அளவுகள் 2015இல் முதலில் முடிவு செய்யப்பட்டன. யார் அவற்றை எட்டவில்லை என்ற பேச்சு அதன் பிறகே வந்தது. 2017 பிப்ரவரி முதல் ஜூலை வரை நடந்த கருத்துக்கேட்பில் லெஸ்டரும் ராயல் பிராம்ப்டனும் மீண்டும் மூடல் பட்டியலில் இருந்தன. நவம்பர் 30 அன்று வந்த முடிவில் இரண்டுக்கும் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. லெஸ்டர் பிரிவு குழந்தைகளின் மற்றச் சிகிச்சைகள் நடக்கும் மருத்துவமனைக்கே இடம்மாற வேண்டும் என்பது அந்த நிபந்தனைகளில் முக்கியமானது. 2021இல் அது இடம் மாறியது. எல்லாத் துறைகளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று முன்பு லீட்ஸ் எழுப்பிய வாதம் இப்போது என்எச்எஸ் விதித்த நிபந்தனையாகவே வந்திருந்தது. நியூகாசிலின் ஃப்ரீமன் மருத்துவமனைக்கும் அதே தர அளவை எட்டக் காலக்கெடு தரப்பட்டது. லீட்ஸில் அறுவைச் சிகிச்சை இன்றும் தொடர்கிறது.