கையெழுத்து போட்ட மறுநாள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தனிநாடு கேட்டுப் போராடும் ஓர் இயக்கத்திடம் அரசாங்கம் சமாதான ஒப்பந்தத்தை நீட்டுகிறது. அதை நம்பலாமா, கூடாதா? எண்பதுகளிலிருந்து என்னை விடாத கேள்வி இது. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் இருக்கும் நேயர்களுக்கு அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அக்கரையில் யாழ்ப்பாணம். அங்கே சண்டை மூண்டபோதெல்லாம், இங்கே படகைக் கடலில் இறக்கலாமா என்று யோசித்தவர்கள் நீங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. நம்பாமலே கையெழுத்துப் போடலாம். ஆனால் மறுநாள் காலை யார் முதலில் எதைச் செய்ய வேண்டும், செய்தாரா என்று யார் பார்ப்பது, இந்த இரண்டும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

டெல்டாக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். காவிரி நடுவர் மன்றம் 1991-ல் இடைக்காலத் தீர்ப்புத் தந்தது. இறுதித் தீர்ப்பு 2007-ல் வந்தது. அது அரசிதழில் ஏறவே 2013 ஆகிவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி என்று சொன்னது, அந்த வருடமே மேலாண்மை ஆணையமும் வந்தது. இன்றைக்கு நம் விவசாயி பேப்பரைப் பிரித்தால் எதைத் தேடுகிறார்? பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி என்பதைத்தான். மேலே ஆட்சியில் இருப்பவர் நல்லவரா என்று பார்த்து யாரும் நாற்றங்கால் விடுவதில்லை. அளக்க ஓர் இடம் இருக்கிறது, கேட்க ஓர் ஆணையம் இருக்கிறது. குறை இருந்தாலும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது.

சரி, இப்போது இலங்கைக்கு வருவோம். 1957 ஜூலை 26. பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அப்போது செல்வநாயகம் கேட்டது தனிநாடு இல்லை, கூட்டாட்சி. இதை நேயர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் நிர்வாகம், பிராந்திய சபைகள், குடியேற்றத்தில் அந்தச் சபைகளுக்கு அதிகாரம், இவ்வளவுதான் ஒப்பந்தம். அதற்காக, ஆகஸ்டில் தொடங்கவிருந்த சத்தியாக்கிரகத்தை அவர் கைவிட்டார். அதாவது கையில் இருந்ததை முதலில் கொடுத்துவிட்டார். எதிர்த்தரப்பு கொடுக்க வேண்டியது சட்டமாக வர வேண்டியிருந்தது.

சட்டம் வரவில்லை. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜெயவர்த்தனா கண்டிக்கு எதிர்ப்பு ஊர்வலம் கிளப்பினார். 1958 ஏப்ரல் 9 அன்று பௌத்த பிக்குகள் கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் பிரதமர் வீட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள், எழுந்திருக்கவில்லை. ஒப்பந்தத்தை விட்டுவிட்டேன் என்று பிரதமர் சொன்னார். வாயால் சொன்னது போதாது, எழுத்தில் வேண்டும் என்றார்கள். எழுதியும் கொடுத்தாயிற்று. அடுத்த மாதமே கலவரம். எத்தனையோ தமிழர்கள் உயிரை இழந்தார்கள், வீட்டை இழந்தார்கள்.

இதை நான் போகும் இடமெல்லாம் சொல்லுவேன். பண்டாரநாயக்கா ஏமாற்றுவதற்காகக் கையெழுத்துப் போட்டார் என்று நான் நினைக்கவில்லை. மனம் இருந்திருக்கும். தன் ஆட்களைத் தன் பின்னால் நிறுத்தும் வலு இல்லை. எதிரே இருப்பவர் நாணயமானவர் என்பது மட்டும் போதாது, நேயர்களே. அவர் வீட்டு வாசலில் நாளைக்கு யார் வந்து உட்காருவார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு ஊர்வலம் போன அதே ஜெயவர்த்தனா, ஜனாதிபதியாக 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தம் போட்டார். கையெழுத்துப் போட்டவை இரண்டு அரசாங்கங்கள். போரிட்டுக்கொண்டிருந்த இயக்கம் எதுவும் கையெழுத்துப் போடவில்லை. சண்டை நின்ற 72 மணி நேரத்தில் இயக்கங்களின் ஆயுதம் வந்துவிட வேண்டும். மாகாணங்களுக்கு அதிகாரம் தரும், இலங்கை அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் வந்ததோ நவம்பரில். அதற்குள் அக்டோபரிலேயே இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டுவிட்டது. ஒரு பக்கத்துக்கு மணிக்கணக்கு, இன்னொரு பக்கத்துக்கு மாதக்கணக்கு. அந்தத் திருத்தத்தில் உள்ள காணி அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் இன்றைக்கும் மாகாணங்களின் கைக்கு வரவில்லை. இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் 2006-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிரித்துவிட்டது.

இதைக் கேட்டு, எந்த ஒப்பந்தமும் வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. மிசோரமைப் பாருங்கள். 1966-ல் லால்டெங்காவின் மிசோ தேசிய முன்னணி தனிநாடு என்று அறிவித்துக் கிளம்பியது. நம் விமானப்படையே ஐஸ்வாலில் குண்டு போட்டது. ஊர் ஊராகப் பெயர்த்து, சாலையோரம் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். 1976-ல் ஓர் உடன்பாடு எட்டி, அதுவும் முறிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் 1986 ஜூன் 30 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் இன்றுவரை நிற்கிறது.

எப்படி நின்றது? ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. மிசோ மக்களின் சமயம், வழக்காறு, நில உரிமை இவற்றில் தலையிடும் நாடாளுமன்றச் சட்டம் எதுவும், மிசோரம் சட்டமன்றம் சம்மதிக்காமல் அங்கே செல்லாது என்று எழுதினார்கள். அதே மாதம் காங்கிரஸ் முதல்வர் லால் தன்ஹாவ்லா நாற்காலியிலிருந்து இறங்கினார். நேற்றுவரை காட்டிலும் வெளிநாட்டிலும் இருந்த இயக்கத்தின் தலைவர் முதலமைச்சர் ஆனார், இறங்கியவர் துணை முதல்வராக உட்கார்ந்தார். ஆட்சியில் இருப்பவர் இறங்கி இடம் விட்டதை நான் பெரிதாக நினைக்கிறேன். பண்டாரநாயக்காவால் முடியாதது இங்கே முடிந்தது. 1987 பிப்ரவரியில் மிசோரம் மாநிலமும் ஆகிவிட்டது. கொடுப்பதும் வாங்குவதும் சில மாதங்களுக்குள் நடந்தன. காயம் ஆறியதா என்று கேட்டால், குண்டு விழுந்த ஊர்க்காரர்கள் அதை மறக்கவில்லை. ஆனால் துப்பாக்கி திரும்ப வரவில்லை.

அப்புறம் ஆச்சே, இந்தோனேசியாவில் தனிநாடு கேட்டுப் போராடிய பகுதி. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தில் ஏறிய கடல், புறப்பட்டது அந்தச் சுமத்ரா கரையோரத்திலிருந்துதான். அங்கே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். 2002-ல் செய்த ஒரு போர்நிறுத்தம் அங்கே ஏற்கனவே உடைந்திருந்தது. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் புதிதாகக் கையெழுத்தானது. இந்த முறை ஆயுதத்தை நான்கு தவணையாக ஒப்படைத்தார்கள், மொத்தம் 840. அதற்குச் சரியாக, வெளியிலிருந்து வந்திருந்த ராணுவமும் நான்கு தவணையாக வெளியேறியது. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் ஆள் அனுப்பி எண்ணிப் பார்த்தன. ஒருவர் ஓர் அடி வைத்தால் மற்றவரும் ஓர் அடி வைத்தாக வேண்டும். அடுத்த வருடமே, இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் தேர்தலில் நின்று ஆளுநர் ஆனார். சொன்னதெல்லாம் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மனித உரிமை நீதிமன்றம் அமைப்போம் என்றார்கள், அது வரவேயில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வட அயர்லாந்தைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1998-ல் ஒப்பந்தம், அங்கே ஆயுதம் ஏந்திப் போராடிய ஐ.ஆர்.ஏ. இயக்கம் ஆயுதத்தை முழுவதும் கைவிட்டது 2005-ல். அந்த ஏழு வருடம் பொறுத்திருந்தார்கள். நாகாலாந்தில் தனிநாடு கேட்ட இயக்கத்தோடு 1997-லிருந்து போர்நிறுத்தம், 2015-ல் ஒரு கட்டமைப்பு ஒப்பந்தம். தனிக்கொடி, தனி அரசியல் சட்டம் என்ற இடத்தில் பேச்சு நின்றுகொண்டிருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். வணக்கம்.