வித்தியாசம் எங்கே? வணிகவியல் வகுப்பில் கணினியும் மாணவர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் ஒன்னில் வணிகவியல் குரூப் எடுத்த பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம், பக்கத்து வீட்டில் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் கணக்குப்பதிவியல் நோட்டைப் புரட்டினால், யாரோ ஒருவர் ஐம்பதாயிரம் ரூபாய் ரொக்கத்தோடு தொழில் தொடங்கியிருப்பார். என்ன கடை, எந்த ஊர், வியாபாரம் எப்படிப் போகிறது, எதுவும் தெரியாது. தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை காலை ஐந்து மணிக்கே திறந்திருக்கிறது. அதன் கணக்கை அந்தப் பிள்ளை எழுதிப் பார்த்ததே இல்லை. எழுத வைக்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

வகுப்பை ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு ஒரு கடை, ஏழு நாள். கடைக்காரரிடம் முதலிலேயே அனுமதி கேட்க வேண்டும். கடன் நோட்டில் இருக்கிற வாடிக்கையாளர் பெயர்களை எடுக்கக் கூடாது. அ, ஆ, இ என்று குறித்தால் போதும். தினமும் இரவு பத்து நிமிடம் கடையில் நின்று, அன்றைய விற்பனை, கொள்முதல், கடன், செலவு நான்கையும் கேட்டுக் குறித்து வர வேண்டும்.

இரண்டாம் நாளே சிக்கல் வரும். கடைக்காரரின் மகன் பள்ளிக்குப் போகும்போது ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் போகிறான். பெரும்பாலான பிள்ளைகள் அதை விற்பனை என்று எழுதுவார்கள். பணமும் வரவில்லை, லாபமும் இல்லை. அது எப்படி விற்பனையாகும்? உரிமையாளர் சொந்தத் தேவைக்கு எடுப்பதைக் காட்டும் எடுப்புகள் கணக்கைப் பற்று (டெபிட்) வைத்து, கொள்முதல் கணக்கை வரவு (கிரெடிட்) வைக்க வேண்டும். கடை வேறு, கடைக்காரர் வேறு என்று புத்தகம் சொல்வது இந்த பிஸ்கட் பாக்கெட்டில்தான் மண்டையில் ஏறும்.

அடுத்தது யுபிஐ. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்கிறதே, அந்த இருபது ரூபாய் கல்லாவுக்குள் வரவில்லை. வங்கிக் கணக்கைத்தான் பற்று வைக்க வேண்டும். ரொக்கம் என்று எழுதிவிட்டால் இரவு கல்லாவை எண்ணும்போது துண்டு விழும். கடையை நடத்துவது ஓர் அக்கா என்றால், அரசு தருகிற மகளிர் உரிமைத் தொகையும் அதே வங்கிக் கணக்கில் வந்து சேரலாம். அது கடையின் வருமானம் கிடையாது. அந்தப் பணத்தைக் கடையில் போட்டால் அது முதல், அதாவது மூலதனம். போடாவிட்டால் கடைக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. இதை ஆசிரியர் சொல்லிவிடாமல், குழு வாதாடி முடிவுக்கு வரட்டும். அரை மணி நேரம் போகும், போகட்டும்.

இப்போது கணினி. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. அங்கே எக்செல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், அது இலவசம். ஐந்து பத்திகள்: நாள், ரசீது எண், கணக்கின் பெயர், பற்று, வரவு. ஒரு நடவடிக்கைக்கு இரண்டு வரி. பற்று ஒரு வரி, வரவு ஒரு வரி. இந்த இடத்தைக் கவனியுங்கள். வேலை மிச்சம் என்று ஒரே வரியில் பற்றுக் கணக்கு, வரவுக் கணக்கு, தொகை என்று வடிவமைக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஒரே தொகை இரண்டு பக்கமும் போகும், பற்று மொத்தத்தையும் வரவு மொத்தத்தையும் ஒப்பிடுகிற இருப்பாய்வு பெரும்பாலும் தானாகவே சமமாகிவிடும். பிழை வர வழியில்லை, பிள்ளைக்குத் தேடவும் ஒன்றுமில்லை. தொகையை இரண்டு முறை தட்டச்சு செய்ய வேண்டும். வித்தியாசம் வர வேண்டும்.

வந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பற்றுக்கும் வரவுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் அப்படியே ஏட்டில் தேடுங்கள். 135 ரூபாய் வித்தியாசமா? 135 ரூபாய்க்கு ஒரு வரி எழுதி, மறு வரியை விட்டிருக்கலாம். இல்லையென்றால் பாதியாக்குங்கள். 600 வித்தியாசம் என்றால் 300 ரூபாயை பற்றில் எழுதுவதற்குப் பதில் வரவில் எழுதியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் ஒன்பதால் வகுங்கள். மீதியில்லாமல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 540 என்பதை 450 என்று அடித்தால் வித்தியாசம் 90. 91 என்பதை 19 என்று அடித்தால் வித்தியாசம் 72. இரண்டும் ஒன்பதால் வகுபடும். 850 ரூபாயை ஒரு பூஜ்யம் விட்டு 85 என்று அடித்தால் வித்தியாசம் 765. அதை ஒன்பதால் வகுத்தால் 85 என்று தப்பாக அடித்த எண்ணே விடையாக வரும். இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு பிள்ளைகளைப் பாருங்கள், வித்தியாசம் வந்தால் முகம் வாடாது, ஒன்பதால் வகுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கணினிக்கே உரிய பிழைகளும் உண்டு. தொகைக் கட்டத்தில் ‘ரூ.250’ என்று அடித்தால் கணினிக்கு அது எண் இல்லை, எழுத்து, கூட்டலில் சேராது. சரியான எண் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். இடப்பக்கம் ஒதுங்கிய தொகை இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். அடுத்தது, தமிழில் அடிக்கிறபோது ‘மின்கட்டணம்’ என்று ஒருவர் அடிப்பார், ‘மின்கட்டனம்’ என்று இன்னொருவர் அடிப்பார். நமக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு கணக்கு. பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி கூடினாலும் அப்படித்தான். ஒரே பெயருள்ள வரிகளை மட்டும் கூட்டுகிற சம்இஃப் சூத்திரம் போட்டு ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகக் கூட்டும்போது அந்த வரி விடுபட்டுப் போகும். அதனால் கணக்குப் பெயர்களை முதலிலேயே ஒரு பட்டியலாக எழுதி, டேட்டா வேலிடேஷன் மூலம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டும் விடுங்கள்.

குழுவுக்குள் வேலையை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கணினி தெரிந்த ஒரு பிள்ளையே எல்லாவற்றையும் அடிக்கும், மற்ற நான்கு பேரும் திரையை வேடிக்கை பார்ப்பார்கள். இது எல்லா வகுப்பிலும் நடக்கிறது. பற்றா வரவா என்பதைத் தாளில் எழுதிய பிறகே விசைப்பலகையைத் தொட வேண்டும். கூட்டலைக் கணினியிடம் கொடுக்கலாம், முடிவைக் கொடுக்கக் கூடாது. திரும்பவும் சொல்கிறேன், கூட்டல் மட்டும்தான் கணினியின் வேலை.

வாரக் கடைசியில் குழுக்கள் ஏட்டை மாற்றிக்கொண்டு தணிக்கை செய்யட்டும். தொகை சரியாக இருந்து கணக்கு தப்பாக இருக்கிற பிழையை இருப்பாய்வு காட்டாது. கடைக்கு வாங்கிய ஃபிரிட்ஜைக் கொள்முதலில் எழுதினாலும் இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும். அதை இன்னொரு குழுவின் கண்தான் பிடிக்கும்.

நேரம் நெருங்கிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். டேலி என்கிற கணக்கு மென்பொருளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், அவசியமானதை மட்டும் சொல்கிறேன். பிளஸ் டூ பாடத்தில் டேலி இருக்கிறது. இந்த ஏட்டு வேலை முடிந்த பிறகு அதற்குப் போங்கள். பற்றும் வரவும் சமமில்லாத பதிவை டேலி ஏற்காது, தேடுகிற பயிற்சி அங்கே கிடைக்காது. அதில் அழுத்த வேண்டிய விசைகள்: செலுத்தலுக்கு எஃப் 5, பெறுதலுக்கு எஃப் 6, விற்பனைக்கு எஃப் 8, கொள்முதலுக்கு எஃப் 9. லைசென்ஸ் இல்லாத எஜுகேஷன் மோடில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய முடியும். 5ஆம் தேதியை ஏற்கவில்லையே என்று பிள்ளைகள் திகைப்பார்கள். உண்மையான தேதியை விவரப் பகுதியில் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் எப்படி என்று கேட்பீர்கள். அகமதிப்பீட்டுக்குப் பத்து மதிப்பெண் இருக்கிறது. அதில் செயல்பாட்டுக்குத் தருகிற பங்கை, பிழையில்லாத ஏட்டுக்குத் தராமல், கண்டுபிடித்த பிழைகளின் பட்டியலுக்குத் தாருங்கள்: என்ன பிழை, எந்த வரி, எப்படிப் பிடித்தோம், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.