முடி கொட்டுது, எதைத் தேய்க்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்கள் சீட்டை நீட்டி, வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். முடிக்கு மருந்து கேட்டு வருகிறவர்கள் அப்படியில்லை. கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, தலையில தேய்க்கிறதுக்கு ஏதாவது நல்லதா இருக்கா?" என்பார்கள். இன்றைக்கு அதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லப்போகிறேன்.

இருக்கிறது. ஆனால் எந்த வகைக் கொட்டலுக்கு என்று தெரியாமல் தேய்த்தால் காசுதான் கரையும்.

ஒரு மனிதர் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருஷம் வளரும், பிறகு 3 மாதம் போல ஓய்ந்து கிடந்து உதிரும், அதே குழியிலிருந்து புதுமுடி கிளம்பும். அதனால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை சீப்பிலும் தலையணையிலும் கிடப்பது கணக்கில் உள்ளதுதான். அதற்குப் பயப்பட வேண்டாம்.

டெங்கு, டைபாய்டு மாதிரி கடும் காய்ச்சல் வந்தவர்களுக்கும், பிரசவமான பெண்களுக்கும், பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கும் 2, 3 மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக வரும். அதற்குள் காய்ச்சல் வந்ததே மறந்திருக்கும். புதிதாக மாற்றிய ஷாம்பு மேல் பழி விழும். இந்த வகை பெரும்பாலும் 6 மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த 6 மாதத்துக்குள் நீங்கள் எந்த எண்ணெயைத் தேய்த்திருந்தாலும் பெயர் அந்த எண்ணெய்க்குப் போய்விடும். "எங்க மதினிக்கு அந்தத் தைலம்தான் முடியை மீட்டுக் கொடுத்தது" என்று ஊரெல்லாம் சொல்லும் கதைகளில் பாதி இப்படிப் பிறந்ததாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

ரத்தசோகை, தைராய்டு இரண்டாலும் முடி கொட்டும். காலையில் ஒரு காபியைக் குடித்துவிட்டுப் பீடி சுற்றும் தட்டோடு உட்கார்ந்தால் மத்தியானம்வரை எழுந்திருக்காத முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பெண்கள் முடிக்கு எண்ணெய் கேட்டு வந்தால், முதலில் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். உடம்பில் இரும்புச்சத்து இல்லாதபோது தலையில் எதைத் தேய்த்து என்ன?

மூன்றாவது வகைதான் பெரும்பாலானவர்களைக் கடைக்கு வரவைப்பது. பரம்பரை வழுக்கை. ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரமும் உச்சியும் காலியாகும். பெண்களுக்கு முன்வரிசை அப்படியே இருக்க, வகிடு மட்டும் வருஷா வருஷம் அகலமாகும். உடம்பில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன், டிஎச்டி என்ற பொருளாக மாறி, அதற்கு மசிகிற முடிவேர்களைச் சுருக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து குட்டையாகி, கடைசியில் பூனைமுடியாக நிற்கும். அப்பா வழி மட்டுமல்ல, அம்மா வழியிலும் இது வரும். தாய்மாமன் தலையையும் ஒரு பார்வை பார்த்துவைப்பது நல்லது.

நம் பக்கத்துப் பையன்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "ஆத்துத் தண்ணியில குளிச்சவரைக்கும் நல்லாத்தான் இருந்தது, சென்னைக்கு வேலைக்குப் போனேன், போர் தண்ணி, மொத்தமும் போச்சு" என்பார்கள். தாமிரபரணி மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் படிப்பு முடித்து வேலைக்கு ஊரைவிட்டுப் போகும் 21, 22 வயதுதான் பரம்பரை வழுக்கை தலைகாட்டும் வயதும். உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், நடுவில் ஒடியும். வேரோடு வழுக்கை விழாது. தண்ணீர்தான் காரணம் என்றால், உப்புத் தண்ணீர் புழங்கும் திசையன்விளை, ராதாபுரம் பக்கம் ஒருத்தர் தலையிலும் முடி மிஞ்சியிருக்கக் கூடாதே!

இந்தப் பரம்பரை வழுக்கைக்கு, தேய்க்கும் மருந்துகளில் உறுதியான சான்று உள்ளது மினாக்சிடில். இது முடிக்காகப் பிறந்த மருந்தே இல்லை. 1979ல் அமெரிக்காவில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்குப் பிரஷர் இறங்கியதோடு நெற்றி, கன்னம், கை என்று கண்ட இடத்தில் முடி வளர்ந்தது. தொல்லையாக இருந்த அந்தப் பக்கவிளைவையே பிழைப்பாக்கிக்கொண்டார்கள். 1988ல் 2 சதவீதக் கரைசல் ஆண்களின் தலைக்கு வந்தது. சில வருஷத்தில் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. 1997ல் 5 சதவீதமும் அங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே கடைக்கு வந்துவிட்டது.

மருந்து என்னவோ நல்ல மருந்துதான். நம் ஆட்கள் அதைத் தேய்க்கும் விதத்தில்தான் கோளாறு.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு துளிவிடும் குழாய் இருக்கும், அதில் 1 மில்லி என்று கோடு போட்டிருக்கும். ஆண்கள் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு அளவு. தலை உலர்ந்திருக்க வேண்டும். வகிடு எடுத்து முடியை விலக்கி, தோலில் படும்படி விட்டு, விரலால் லேசாகப் பரப்ப வேண்டும். முடிமேல் ஊற்றினால் முடிதான் பிசுபிசுக்கும். 4 மணி நேரமாவது தலையை நனைக்கக் கூடாது. ராத்திரி போடுவதைப் படுப்பதற்கு நன்றாக முன்பே போட்டுவிட்டால் தலையணைக்குப் போகாது. அப்புறம் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பாட்டில் 60 மில்லி. நாளுக்கு 2 மில்லி என்றால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். "பொங்கலுக்கு வாங்கினது அண்ணாச்சி, இன்னும் பாதி இருக்கு, ஒண்ணும் முளைக்கல" என்று ஆடி மாதம் வந்து சொல்கிறவர்களிடம் நான் என்ன சொல்ல? இன்னும் சிலர் சிக்கனமாக அதைத் தேங்காயெண்ணெய் பாட்டிலில் ஊற்றிக் கலந்துவிடுகிறார்கள். எவ்வளவு குலுக்கினாலும் எண்ணெய் தனி, மருந்து தனியாகத்தான் நிற்கும். எண்ணெய் தேய்க்க வேண்டும் என்றால் தலைக்குக் குளிக்கிற நாளில் தேய்த்து அலசிவிடுங்கள். மருந்து போடும் தலையில் எண்ணெய் படிந்திருக்க வேண்டாம்.

ஆரம்பித்த சில வாரங்களில் முன்னைவிட அதிகமாகக் கொட்டும். நிறையப் பேர் இங்கேதான் பாட்டிலைத் தூக்கி எறிவது. ஓய்ந்து கிடந்த பழைய முடி, கீழேயிருந்து புதுமுடி கிளம்புவதால் வெளியேறுகிறது, அவ்வளவுதான். பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். சிலருக்கு 6 மாதம் தாண்டியும் ஒன்றும் தெரியாது. இந்த மருந்தை வேலைசெய்யும் வடிவுக்கு மாற்ற முடிவேரில் ஒரு நொதி வேண்டும், அது எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. பளபளவென்று வழுவழுத்துப்போன இடத்தில் இந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மெலிந்த முடியாவது மிச்சம் இருக்கும் இடத்தில்தான் இதற்கு வேலை.

விற்கிறவர்கள் வாய்திறக்காத சங்கதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மினாக்சிடில் டிஎச்டியைத் தொடுவதே இல்லை. வேருக்கு உசுப்பேற்றுகிறது, காரணத்தை அப்படியே விட்டுவிடுகிறது. நிறுத்தினால் 3, 4 மாதத்தில் கிடைத்த பலன் போய்விடும். ஆகவே கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்வரை தேய்த்துவிட்டு நிறுத்தலாம் என்று கணக்குப் போடும் தம்பிகள், கல்யாண ஆல்பத்தை மட்டும் மனதில் வைத்து வாங்கினால் சரி. நான் யாருக்கும் முதல் பாட்டிலை எடுத்துக் கொடுக்கும்போதே, மாதம் ஒரு பாட்டில் வருஷக்கணக்கில் வாங்க முடியுமா என்று கேட்டுவிடுவேன். வியாபாரத்துக்கு நல்லதில்லைதான்.

அரிப்பும் பொடுகு மாதிரி செதிலும் சிலருக்கு வரும். கரைசலில் உள்ள புரோப்பிலின் கிளைக்கால் என்ற கரைப்பான்தான் பெரும்பாலும் காரணம். அது சேராத நுரை வடிவமும் இருக்கிறது. பெண்களுக்கு நெற்றி, கன்னத்தில் மெல்லிய முடி வளரலாம், அதனால் அவர்களுக்கு அளவு வேறு, டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இதைத் தொடவே வேண்டாம். இதய வியாதிக்காரர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம். ஸ்பெயினில் 2019ல், வயிற்று மருந்து என்று தவறுதலாக மினாக்சிடில் கலந்த மருந்தைக் குடித்த குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்தது. நிறுத்திய பிறகு அது உதிர்ந்தது என்பது ஆறுதல். தகப்பன் தலையில் பூசிய மருந்து பட்டே பிள்ளைக்கு முடி வளர்ந்த சம்பவங்களும் ஐரோப்பாவில் பதிவாகியிருக்கின்றன. மருந்து போட்ட தலையோடு பிள்ளையைத் தோளில் சாய்க்காதீர்கள். பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இது பூனைக்கு விஷம். விரலையோ தலையணை உறையையோ நக்கினால்கூட உயிருக்கு ஆபத்து.

இப்போது மினாக்சிடிலோடு ஃபினாஸ்டிரைடு சேர்த்த கரைசல்களும் வருகின்றன. டிஎச்டி உண்டாவதையே குறைப்பது ஃபினாஸ்டிரைடு. தலையில்தானே பூசுகிறோம் என்று நினைக்க வேண்டாம், ஓரளவு ரத்தத்திலும் கலக்கும். சில ஆண்களுக்கு தாம்பத்திய ஆசை குறைவதும் மனச்சோர்வும் உண்டாகலாம். கர்ப்பிணியின் வயிற்றில் ஆண்சிசு இருந்தால் அதன் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் அவர்கள் கையில்கூடப் படக் கூடாது. சீட்டு இல்லாமல் கேட்டால் கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வண்ண வண்ணக் குப்பிகளில் வரும் சீரங்கள்? விலைக்கு ஏற்ற சான்று இல்லை. பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, அந்தச் சத்துக் குறைவு உள்ளவர்களுக்கு மட்டும். அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனையே தப்பாகக் காட்டலாம், லேபில் சொல்லிவிடுங்கள்.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். எண்ணெயைக் குறை சொன்னால் எங்கள் ஆச்சியே எழுந்து வந்து அடிப்பாள். குற்றாலம் சீசனில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்டு அருவிக்குக் கீழே போய் நிற்கும் சுகத்தை நானும் விடுவதில்லை. தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, தலை அலசும்போது புரதம் வீணாவதைக் குறைக்கிறது என்று 2003ல் நம் நாட்டு ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். ஒடிவது குறையும், மினுமினுப்பு கூடும். இருக்கிற முடிக்கு இதெல்லாம் நல்லது. சுருங்கிப்போன வேரை அது எழுப்பாது. கரிசலாங்கண்ணி எலிகளில் முடி வளர்ச்சியைத் தூண்டியதாக ஆய்வுகள் உண்டு. எலிக்கும் நமக்கும் இடையில் இன்னும் செய்து பார்க்க வேண்டியது நிறைய. சித்த முறைதான் வேண்டும் என்பவர்கள் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முறையாகப் படித்தவர்கள் பார்ப்பார்கள். குற்றாலத்து ரோட்டோரத்தில் பாட்டில் பாட்டிலாக அடுக்கி, 'நிச்சயம் முளைக்கும்' என்று அட்டை வைத்திருக்கும் இடம் வேண்டாம். 1945ஆம் வருஷத்து மருந்து விதிகளில் அட்டவணை ஜே என்று ஒன்று உண்டு. குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் அது. வழுக்கையும் புதுமுடி வளர்ப்பதும் அதில் இருக்கின்றன. குற்றாலத்தில் சாரல் விழும்போது அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்!

திருச்செந்தூரில் மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். நுனி மழுங்கலாக வெட்டுப்பட்டு எழும்புவதால் கைக்குத் தடிப்பாகத் தெரியும். குழிகளின் எண்ணிக்கை கூடாது. நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடுங்கள், முருகன் ஏற்றுக்கொள்வார்.

புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பதை நான் கேலி செய்ய மாட்டேன். காசு அளவில் வட்டமாக விழும் அந்தச் சொட்டை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருவது. 2002ல் பாக்தாத் மருத்துவர்கள் வெங்காயச் சாற்றை ஒரு சிறு குழுவுக்குப் பூசிப் பார்த்தார்கள், பெரும்பாலோருக்கு முளைத்தது. ஆனால் சிறிய வட்டங்கள் தாமாகவே மூடிக்கொள்வதும் சகஜம். பரம்பரை வழுக்கையில் வெங்காயம் தேய்த்தால் வாடைதான் மிச்சம். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் தோல் டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடுவார். அந்த ஸ்டீராய்டைக் களிம்பாகக் கடையில் கேட்டு வாங்கி நீங்களே தேய்த்தால் தோல் மெலிந்து கெட்டுப்போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலையில் செதிலோடு அரிப்பெடுத்து முடி ஒடிந்திருந்தால் அது பூஞ்சைப் படையாக இருக்கலாம். அதற்கு எண்ணெயும் களிம்பும் போதாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும். தள்ளிப்போட்டால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. போகிற நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள், தோல் தெரிந்தால்தான் டாக்டர் பார்க்க முடியும். இதுவரை தேய்த்த தைலம், சீரம், கரைசல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பெயர் இல்லாத பாட்டிலையும் சேர்த்து. வணக்கம்.